செவிலிமேட்டில் கேட்ட ஒரு கேள்வி

காஞ்சி மாநகரின் தென்கோடியில், பாலாற்றின் வடகரையை ஒட்டி அமைந்துள்ளது செவிலிமேடு. வந்தவாசிச் சாலை இவ்வூரைக் கடந்துதான் ஆற்றுப் பாலத்தின்மீது ஏறுகிறது. ஆறு என்று சொல்கிறோமேயொழிய, ஆண்டின் பெரும்பகுதியில் நம் கண்ணுக்குத் தெரிவன மணற்பரப்பும் நாணற்புதரும் சீமைக்கருவேல மரங்களுமே. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதை இங்குள்ளோர் இன்றும் திருவிழாவைப்போல் நினைவுகூர்கின்றனர். நெடுங்காலம் தனிப் பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர் 2011இல் காஞ்சி நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 2021இல் காஞ்சி மாநகராட்சியாக உயர்ந்தபோது செவிலிமேடும் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் தெருக்களில் நடப்பவர்க்கு மாநகரில் நடக்கும் எண்ணம் எளிதில் தோன்றாது. இலட்சுமி நரசிம்மர் கோயிலும் ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் பழைய ஊரின் சாயலை இன்னும் காத்து நிற்கின்றன.

இவ்வூரைப் பற்றிப் பேசுவோர் எவரும் சாலைக் கிணற்றைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. வைணவப் பெரியாராகிய இராமானுசர் இளமையில் தம் ஆசிரியருடன் காசிக்குப் புறப்பட்டாராம். வழியில் தம் உயிருக்கே ஆபத்து சூழ்ந்திருப்பதை அறிந்து விந்தியக் காட்டில் தனியே பிரிந்து நின்றாராம். அங்கே எதிர்ப்பட்ட வேடுவனும் வேடுவச்சியும் அவருக்கு வழித்துணையாயினர். இரவு கழிந்து பொழுது விடிந்தபோது, பல நாள் வழி ஓரிரவில் கடந்து, காஞ்சிக்கு அருகில் ஒரு கிணற்றங்கரையில் தாம் நிற்பதை அவர் கண்டார். தாகம் என்றாள் வேடுவச்சி. அவர் நீர் முகந்து கொடுத்தார். பிறகு அவ்விருவரையும் காணவில்லை. வந்தவர்கள் காஞ்சி வரதரும் தாயாருமே என்பது வைணவ அன்பர்களின் நம்பிக்கை. நம் மறையினர் அல்லாதாரின் வரலாறாயினும், நெடுவழிப் பயணியின் களைப்பையும், ஊரெல்லையில் கிடைக்கும் ஒரு கை நீரின் அருமையையும் இவ்வளவு எளிமையாகச் சொல்லும் கதைகள் குறைவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

நாம் செவிலிமேட்டுக்குச் சென்றது கிணற்றைக் காண அன்று, தறியைக் காண. முன்னெல்லாம் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கும் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள் என்றும், மாட்டு வண்டிகூட அந்நேரம் அத்தெருவில் நுழையாது என்றும் முதியோர் கூறினர். இப்போது தறியோசை கேட்கும் வீடுகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும். பட்டு விலை ஏறுகிறது, சரிகை விலை ஏறுகிறது, கூலி அதே விரைவில் ஏறுவதில்லை. ஆதலின் பிள்ளைகள் திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளின் பேருந்துகளில் ஏறிவிட்டனர். அவர்களுள் சிலர் அங்கும் நில்லாது கடல் கடந்துவிட்டனர். குழித்தறிக்கு மேலே சுவரில் தொங்கும் படங்களுக்கு நடுவே, பனி மூடிய ஏதோ ஒரு தெருவில் மகளும் மருமகனும் நிற்கும் வண்ணப்படம் இருப்பது இன்று இத்தெருக்களில் புதுமையன்று.

அத்தகைய ஒரு வீட்டில்தான் நாம் அந்தக் கேள்வியைக் கேட்டோம். மகள் கனடா நாட்டில், டொரோன்டோ நகரில் இருக்கிறாள், முதற் பேறுகாலம். தாய் உடனிருக்கப் புறப்படுகிறார். கடவுச்சீட்டு வந்துவிட்டது, கனடா விசாவும் அதில் ஒட்டப்பட்டு வந்துவிட்டது. மருமகன் மூன்று வழிகளை எழுதி அனுப்பியிருந்தார். ஒன்று இலண்டன் வழி. மற்றொன்று பிராங்க்பர்ட் வழி. மூன்றாவது வளைகுடா வழி. இலண்டன் வழியே கட்டணம் குறைவு. ஆனால் பயணச்சீட்டு விற்பவர், “அங்கே இடைவழி விசா கேட்டாலும் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மையார் நம்மிடம் கேட்டார்:

“ஐயா, அந்த ஊர் மண்ணுலே நான் காலே வெக்கப் போறதில்லை. ஒரு விமானத்துலேருந்து இறங்கி இன்னொண்ணுலே ஏறப் போறேன். நடுவுலே மூணு மணி நேரம். அதுக்கு எதுக்குங்க விசா?”

கேள்வி நியாயமானது, படித்தவர்களும் இதையே கேட்கின்றனர். உலக நாடுகளும் ஒருகாலத்தில் இவ்வாறே எண்ணின. 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கைக்கு ஒன்பதாம் இணைப்பு என ஒன்று உண்டு. 1949இல் முதன்முதலாக ஏற்கப்பட்டது. வழியில் இறங்கி அதே நாளில் வேறு விமானம் ஏறுவோரை, இடவசதி இருக்குமாயின் தனியிடத்தில் தங்கவைத்து, எல்லைச் சோதனை ஏதுமின்றி அனுப்பிவைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வழிப்போக்கருக்குத் திண்ணை விட்டு வீடு கட்டிய நம் முன்னோரின் மனப்பான்மைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

பின் அத்திண்ணைக்குப் பூட்டு வந்தது எங்ஙனம்? இதற்கு விடை தேடிப் போனால் நம் இனத்தாரின் கண்ணீரிலேயே போய் நிற்கிறோம்.

1983 சூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத் தமிழர் பல்லாயிரவர் உயிர் காக்கக் கிடைத்த வழியில் எல்லாம் ஓடினர். அவ்வழிகளுள் ஒன்று கிழக்கு பெர்லின். அந்நாளில் பெர்லின் நகரம் சுவரால் இரண்டாகப் பிளந்து கிடந்ததை நம் வாசகர் அறிவர். பொதுவுடைமை அரசின் கையிலிருந்த கிழக்குப் பகுதியின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர்க்கு, அவ்வரசு இடைவழி விசா கொடுத்தது. அதைக் கையிற்கொண்டு நகர இரயிலில் ஏறினால் மேற்கு பெர்லின். அங்கே அடைக்கலம் கேட்கலாம். உலகமே அஞ்சிய அச்சுவரில் வெளியேற முயன்ற சொந்தக் குடிமக்களைச் சுட்டது அவ்வரசு. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை ஒரு தாளின் துணையால் அதே எல்லையைக் கடக்க விட்டது. மேற்கு ஜெர்மனி வற்புறுத்தியதன் பேரில் 1985 சூலையில் அவ்வழி அடைபட்டது. மேற்கு ஜெர்மனியின் விசா உடையவர்க்கே இனி இடைவழி விசா என்றாயிற்று.

அதே 1985இல், மே மாதத்தில், இங்கிலாந்து இலங்கைக் குடிமக்கள் அனைவரும் விசா பெற்றே வரவேண்டும் என விதித்தது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள்மீது அந்நாடு இவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. மறு ஆண்டு இந்தியருக்கும் அவ்விதி வந்தது. 1987 பிப்ரவரியில் 64 தமிழர் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கேட்டனர். அவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, சிலர் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மானத்தை உயிரினும் பெரிதாக மதிக்கும் ஒரு சமூகத்தின் ஆண்மக்கள் அன்னியர் நடுவே அவ்வாறு நின்றார்கள் என்றால், திரும்பிச் செல்வதை எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்! அவ்வாண்டே இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. தக்க தாள் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனம், தலைக்கு ஆயிரம் பவுன் தண்டம் கட்ட வேண்டும். 1991இல் அத்தண்டம் இரண்டாயிரம் ஆயிற்று.

இந்தத் தண்டத்தின் விளைவை நன்கு கவனிக்க வேண்டும். அதுவரை எல்லையில் அரசு அலுவலர் செய்த சோதனை, அன்று முதல் பயணி புறப்படும் ஊரின் விமான நிறுவன ஊழியர் கைக்கு வந்தது. இலண்டனின் வாசல் மீனம்பாக்கத்துக்கே வந்துவிட்டது எனலாம். அங்கே மேசைக்குப் பின்னால் நிற்கும் இளம்பெண் நம் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது நம்மீதுள்ள ஐயத்தால் அன்று. தவறு நேர்ந்தால் தண்டம் அவருடைய நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால்.

ஊருக்குள் நுழையாமல் விமானம் மாறுவோரும் இடையிலேயே அடைக்கலம் கேட்கக்கூடும் என்ற அச்சமே இடைவழி விசாவின் வேர். 1996 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் கூடிப் பத்து நாடுகளின் பட்டியல் ஒன்றை வகுத்தன. அந்நாட்டினர் விமான நிலையத்தின் உட்பகுதியில் மட்டும் தங்கிச் செல்வதாயினும் முன்கூட்டியே விசா பெறவேண்டும். ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியா முதலிய நாடுகளோடு இலங்கையும் அதில் இடம்பெற்றது. 2009இல் இயற்றப்பட்ட விசா விதித்தொகுப்பின் பட்டியலிலும் இலங்கை உண்டு. இந்தியா அப்பொதுப் பட்டியலில் இல்லை. ஆதலின் ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்து, ஒரே தமிழில் பேசிச் செல்லும் காஞ்சிபுரத்து மாமியாருக்கு ஒரு விதியும், யாழ்ப்பாணத்து மருமகனுக்கு வேறு விதியும் உண்டாகலாம்.

“அந்த இடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடம்தானே?” என்று சிலர் கேட்பர். அன்று. 1992இல் பாரிசின் ஓர்லி விமான நிலையத்தில் சோமாலியர் நால்வரை இருபது நாள் தடுத்துவைத்த பிரான்சு அரசும் அவ்வாறே வாதாடிப் பார்த்தது. 1996 சூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயர் பன்னாட்டுப் பகுதி என்றிருந்தாலும் அது பிரான்சு மண்ணே, பிரான்சுச் சட்டம் அங்கே செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதே பாரிசின் மற்றொரு விமான நிலையத்தில் மெஹ்ரான் கரீமி நசேரி என்ற ஈரானியர் தாள்களின் சிக்கலால் 1988 முதல் 2006 வரை வாழ்ந்தார் என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பர். திரும்பவும் அங்கேயே வந்து தங்கி, 2022 நவம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். அவ்வம்மையார் இதைக் கேட்டு, “பதினெட்டு வருஷமா? பாவம், சோறு யார் போட்டாங்க?” என்றார். நாம் படித்த கட்டுரைகள் பலவற்றில் எழாத வினா அது.

இனி அவ்வம்மையாரின் வழிக்கு வருவோம். இங்கிலாந்தின் விதிப்படி, இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் இலண்டனில் உட்பகுதியிலேயே விமானம் மாறினும் அதற்கெனத் தனி விசா வேண்டும். ஆனால் செல்லத்தக்க கனடா விசாவோ அமெரிக்க விசாவோ கையில் இருந்தால் அவ்விதியினின்று விலக்கு உண்டு. ஆகவே இவருக்கு இடையூறு இல்லை. கயானாவுக்கோ நைஜீரியாவுக்கோ வேலைக்குச் செல்லும் பக்கத்து வீட்டு இளைஞர் அதே விமானத்தில் இலண்டன் சென்றால், அவருக்கு விலக்குக் கிடைக்காது. ஜெர்மனியும் நெடுங்காலம் இந்தியரிடம் இத்தகைய விசா கேட்டு வந்தது. 2026 சனவரியில் அந்நாட்டின் அரசுத் தலைவர் இந்தியா வந்தபோது, அது நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. வளைகுடா வழியில் துபாயிலோ தோகாவிலோ உட்பகுதியிலேயே இருந்து விமானம் மாறுவோர்க்கு விசா தேவையில்லை. நம் மக்களுள் மிகப் பலர் அவ்வழி செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பி வரும் வழியை மறந்துவிடுதல் பலருக்கும் இயல்பு. போகும்போது செல்லுபடியான விசா, பேரப்பிள்ளையின் முகம் பார்த்து ஆறு மாதம் தங்கியபின் காலாவதி ஆகியிருக்கலாம். அப்போது அதைக் காட்டி இடைவழியில் விலக்குப் பெற முடியுமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

அமெரிக்காவின் கதை தனி. அங்கே உட்பகுதி என்ற ஒன்றே இல்லை. வழியில் இறங்குவோரும் எல்லைச் சோதனை கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் கொடுத்துத்தான் அடுத்த விமானம் ஏறவேண்டும். விசா இல்லாமல் கடந்து செல்ல முன்பு ஒரு ஏற்பாடு இருந்தது. 2003 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. ஆதலின் பெருவுக்கும் பொலிவியாவுக்கும் மறைப்பணிக்குச் செல்லும் நம் அருட்சகோதரிகள் மயாமி வழியாகச் சீட்டு வாங்கினால், இரண்டே மணி நேரத் தங்கலுக்கும் அமெரிக்காவின் இடைவழி விசா பெற்றாக வேண்டும். கனடாவும் இந்தியரிடம் இடைவழி விசா கேட்கிறது. ஆனால் 48 மணி நேரத்துக்கு உட்பட்ட அவ்விசாவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கும் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது மட்டும் உண்டு.

இவற்றினும் மிகுதியாக மக்களைக் கவிழ்ப்பது வேறொன்று. அத்தெருவிலேயே மற்றொரு வீட்டில் அதைக் கேட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டு மகன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் புறப்பட்டான். செலவு குறையட்டும் என்று கோலாலம்பூர் வரை ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியே சீட்டு வாங்கினான். ஆஸ்திரேலிய விசா இருந்தது. மலேசிய விசா இல்லை. மீனம்பாக்கத்தில் நள்ளிரவில் அவனை ஏற்ற மறுத்துவிட்டனர். சீட்டு இரண்டானால் பெட்டியும் இடையில் வெளியே வரும். பெட்டியை எடுக்க ஆளும் எல்லையைக் கடந்து வெளியே வரவேண்டும். வெளியே வர அந்நாட்டு விசா வேண்டும். அந்நாளில் இந்தியருக்கு மலேசியா விசா கேட்டது. 2023 டிசம்பர் முதற்கொண்டுதான் அதைத் தளர்த்தியது. கட்டிய பணம் திரும்பவில்லை. “மூணு சேலை நெய்த கூலி அன்னைக்கு ஒரே ராத்திரியிலே போச்சுங்க” என்றார் தந்தை.

அவர் தறிக்குழியிலிருந்து எழாமலே மேலும் ஒன்று சொன்னார். காஞ்சிச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை; நெய்யும்போதே ஊடையை ஊடையோடு பின்னிச் சேர்ப்பார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர், இழுத்தாலும் பிரியாது. “என் மகன் வாங்கின சீட்டு கோர்வை போடாத சேலைங்க. பார்க்கச் சேர்ந்தாப்போலே இருந்துச்சு. கைவெச்சதும் பிரிஞ்சுபோச்சு” என்றார். இதைவிடத் தெளிவாக எந்த அலுவலகமும் விளக்கியிராது. முழு வழிக்கும் ஒரே பதிவு எண்ணுள்ள சீட்டு, கடைசி ஊர் வரை பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்ட பெட்டி, அடுத்த விமானத்துக்குரிய போர்டிங் பாஸ் ஆகிய மூன்றும் புறப்படும் ஊரிலேயே கைக்கு வந்துவிட்டால், கோர்வை விழுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அப்போதும் ஒருசில இடங்களில் விழிப்பு வேண்டும். ஒரே நகரில் இரு விமான நிலையங்கள் உண்டு. ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவதாயின், பாரிசின் ஒரு நிலையத்தில் இறங்கி ஓர்லியில் ஏறுவதாயின், நகருக்குள் வந்தே செல்ல வேண்டும். ஐரோப்பாவில் பொது எல்லை வகுத்துள்ள செங்கன் நாடுகளுக்குள் இரண்டிடத்தில் விமானம் மாறுவோர் முதல் இடத்திலேயே எல்லைக்குள் புகுந்தவராகின்றனர். அவர்க்கு இடைவழி விசா போதாது, முழு விசா வேண்டும். உரோமைக்கும் இலூர்துக்கும் பாத்திமாவுக்கும் செல்லும் திருப்பயணக் குழுவினர் முழு விசாவே பெறுவதால் இது அவர்களைத் தாக்குவதில்லை. கனடாவிலுள்ள மகளைக் காணச் செல்லும் வழியில் இவ்விதம் இரு இடம் மாறும் மலிவுச் சீட்டு வாங்குவோரே இடர்ப்படுவர். தங்கல் ஓரிரவு நீளுமாயின், விடுதி நிலையத்தின் உள்ளே உள்ளதா, வெளியே உள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். வெளியே என்றால் விதி வேறு.

யாரைக் கேட்பது? உறவினரையும் முன்பு போய்வந்தவரையும் கேட்பதே நம் வழக்கம். அவர் போன ஆண்டில் விதி வேறாக இருந்திருக்கும். அவருடைய கடவுச்சீட்டில் நம்மிடம் இல்லாத விசா ஒன்று இருந்திருக்கும். விமான நிறுவனங்கள் டிமாட்டிக் என்னும் தொகுப்பைப் பார்த்தே பயணியை ஏற்றுகின்றன. உலக விமான நிறுவனங்களின் சங்கம் நடத்தும் தொகுப்பு அது. கடவுச்சீட்டின் நாடு, கையிலுள்ள விசாக்கள், இறங்கும் ஊர், மாறும் ஊர் ஆகியவற்றைச் சொல்லி, அத்தொகுப்பின்படி பதில் பார்த்துத் தரும்படி சீட்டு விற்பவரைப் பணம் கட்டுமுன் கேட்கலாம். இடைவழி நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டால் ஐயம் இராது. ஆங்கிலத்தில் உள்ளதே என்று தயங்குவோர்க்குப் பங்கில் படித்த பிள்ளைகள் இல்லையா? ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வளாகத்தில் பத்து நிமிடம் போதும்.

செவிலிமேட்டிலிருந்து மீனம்பாக்கம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நள்ளிரவு விமானத்துக்கு மாலையிலேயே வண்டி பேசிப் புறப்பட்டுவிடுகின்றனர். காஞ்சிக்கு அருகே பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஏரியும் வயலும் வீடும் போய்விடும் என்று ஏகனாபுரத்து மக்கள் அந்நாள் தொட்டுப் போராடி வருகின்றனர். விமான நிலையம் வீட்டருகே வருவதைப் பற்றித் தெருவில் இருவேறு கருத்து நிலவக் கண்டோம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளோர் தூரம் குறையும் என்கின்றனர். ஏகனாபுரத்தில் பெண் கொடுத்தோர் பேச்சை மாற்றிவிடுகின்றனர்.

அம்மையார் இலண்டன் வழியையே தேர்ந்தார்; ஒரே சீட்டு, பெட்டி டொரோன்டோ வரை. இடையே ஐந்து மணி நேரம் கிடைக்குமாறு மருமகன் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஓடி ஓடி விமானம் மாற அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கடவுச்சீட்டின் படி ஒன்றும், மகள் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள் ஒன்றும், மருத்துவர் சீட்டோடு கூடிய மாத்திரைகளும் பெட்டியில் போகாமல் கைப்பையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவந்தோம். சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் நிறுவனத்தார் ஆள் கொடுத்து அடுத்த வாசல் வரை கொண்டுவிடுவர். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மொழி அறியாத முதியோர்க்கு அந்த ஆளே பாதித் துணை.